ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று உதவி கேட்டு வருபவர்களில் பலர் அதற்கு முன்பே எதையாவது அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அழித்தது பெரும்பாலும் குடும்பப் படங்களாக இருக்கும். இடத்தை உண்மையில் பிடித்துவைத்திருந்ததோ பழைய விண்டோஸின் மிச்சமாகவோ, எப்போதோ எடுத்து மறந்துபோன ஃபோன் பேக்கப்பாகவோ இருக்கும். அந்த இழப்பு இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காக, திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 பற்றியது. மேக், லினக்ஸ் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன.

1. சி டிரைவ் சிவப்பா மாறிடுச்சு. முதல்ல எதை டெலீட் பண்ணணும்?

எதையும் அழிப்பதற்கு முன் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்தே கிடக்கும் மென்பொருள்கள் பிடித்துவைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளில் ஒரு பகுதி அதிலேயே விடுபடும். அப்புறம் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். வேண்டாம் என்று நீங்களே ஏற்கெனவே ஒதுக்கியவைதான் அங்கே இருக்கின்றன.

இவ்வளவு செய்தால் கணினி ஓடுவதற்காவது கொஞ்சம் இடம் கிடைக்கும். அதற்கு மேல் கை வைப்பதற்கு முன், எது எவ்வளவு இடத்தை எடுத்திருக்கிறது என்று அளந்தே ஆக வேண்டும். அளக்காமல் இறங்கினால் சின்னச் சின்னக் கோப்புகளாக நூற்றுக்கணக்கில் அழித்தும் அரை ஜிபி கூட மீளாது. அதே டிஸ்க்கில் 40 ஜிபி கோப்பு ஒன்று கண்ணில் படாமலே கிடக்கும்.

2. எது இடத்தை அடைச்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விண்டோஸிலேயே அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று போங்கள். செயலிகள், தற்காலிகக் கோப்புகள், படங்கள், ஆவணங்கள் என வகைவாரியாக அளவு காட்டும். ஒவ்வொன்றையும் தட்டினால் உள்ளே விவரம் விரியும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

‘அதர்’ என்ற பெயரில் பெரிய தொகை ஒன்று நின்றால், விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். மூன்றையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாகப் பெறலாம். டிஸ்க் முழுவதையும் ஆராய்ந்து, பெரிய ஃபோல்டர் மேலே, சிறியது கீழே என்று வரிசைப்படுத்தித் தரும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியுடன் இயக்கினால்தான் எல்லா ஃபோல்டரின் அளவும் தெரியும். முதல் பத்து வரிகளைப் பார்த்தாலே பிரச்சினையின் பெரும்பகுதி புரிந்துவிடும். இந்தக் கருவிகள் பார்ப்பதற்கு மட்டுமே. பெயர் புரியாத எதையும் அங்கிருந்தபடியே அழிக்காதீர்கள்.

3. டிஸ்க் மேல 500 ஜிபின்னு போட்டிருக்கு, விண்டோஸ் 465 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடி பைட்டுக்குச் சற்று மேலானதை ஒரு ஜிபி என்கிறது. அதனால் 500 என்பது 465 ஆகத் தெரியும், 256 என்பது 238 ஆகத் தெரியும், ஒரு டெராபைட் 931 ஆகத் தெரியும். 2009-இல் வந்த ஸ்னோ லெபர்டு பதிப்பிலிருந்து மேக் தயாரிப்பாளர்களின் கணக்கையே பின்பற்றுகிறது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 500 என்றே காட்டும்.

4. எவ்வளவு இடம் காலியா இருந்தா நல்லது?

மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் கவலையில்லை. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். உள்ளே தரவை இடம் மாற்றி ஒழுங்குபடுத்த அதற்குக் கொஞ்சம் வெற்றிடம் தேவை. விண்டோஸ் அப்டேட்டும் முதலில் கோப்புகளை இறக்கி, விரித்து, அப்புறம்தான் நிறுவுகிறது. இரண்டு, மூன்று ஜிபி மட்டும் மிச்சமிருக்கும் கணினியில் அப்டேட் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் ஏறத்தாழ 7 ஜிபியை விண்டோஸ் தன் தேவைக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்கிறது. அதை மீட்க வழி தேட வேண்டாம். அப்டேட் சிக்கலில்லாமல் நடப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

5. பெரிய ஃபைலை டெலீட் பண்ணினேன். இடம் கூடவே இல்லையே?

முதல் சந்தேகம் ரீசைக்கிள் பின். டெலீட் அழுத்தியதும் கோப்பு அங்கே போய் உட்காருகிறது. காலி செய்யும்வரை அதே டிஸ்க்கில் அதே இடத்தைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி ரீசைக்கிள் பின் உண்டு. ஒரே கணினியை வீட்டில் நான்கு பேர் நான்கு கணக்கில் பயன்படுத்தினால், நால்வரும் காலி செய்ய வேண்டும். பென் டிரைவிலிருந்து அழித்தால் மட்டும் பொதுவாக இந்த இடைநிறுத்தம் கிடையாது, கோப்பு நேராகவே போய்விடும்.

அதுவும் காலி என்றால், மென்பொருளுக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் ஃபோட்டோஸ் செயலி நீக்கிய படங்களை 30 நாள் வரை ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ பகுதியில் வைத்திருக்கும். மின்னஞ்சல் மென்பொருளிலும் நீக்கிய கடிதங்களுக்குத் தனி ஃபோல்டர் இருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் விஷயம் கொஞ்சம் ஆழமானது. மேக் என்றால் 19-ஆம் கேள்வியையும், லினக்ஸ் என்றால் 20-ஐயும், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்திருந்தால் 23-ஐயும் பாருங்கள்.

6. டெம்ப் ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் அழிக்கலாமா?

அழிக்கலாம். ஏதாவது மென்பொருளை நிறுவிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். ரீஸ்டார்ட் செய்த உடனே அழிப்பது நல்லது. சில கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி அழிய மறுக்கும். அவற்றை ‘ஸ்கிப்’ கொடுத்து விட்டுவிடுங்கள். கையால் தேடிப் போவதைவிட, 2-ஆம் பதிலில் சொன்ன ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ வழியாகப் போவது எளிது.

7. அந்த டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியல்ல எல்லாத்துக்கும் டிக் போட்டுடலாமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு வரி வரும். அது தற்காலிகக் கோப்பே இல்லை, நீங்கள் இறக்கிவைத்த உங்கள் பொருள்கள். இதை கவனிக்காமல் டிக் போட்டு, சான்றிதழ்களையும் கட்டண ரசீதுகளையும் இழந்தவர்கள் உண்டு. அந்த ஒரு வரியை டிக் இல்லாமல் விடுங்கள்.

அடுத்து ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுவதையும் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டுமே, அதற்காக. பத்து நாள் கழித்துத் தானாகவே நீங்கிவிடும். இடம் அவசரமாகத் தேவை, புதிய பதிப்பும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் இப்போதே நீக்கலாம். பல ஜிபி மொத்தமாக மீளும் இடம் இது. ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்’, ‘தம்ப்நெயில்ஸ்’ மூன்றையும் தயங்காமல் நீக்கலாம். தம்ப்நெயில்கள் படங்களின் சிறு முன்னோட்டங்கள்தான். அவற்றை நீக்கினால் படம் போகாது, ஃபோல்டரைத் திறக்கும்போது புதிதாக உருவாகிவிடும்.

8. பிரவுசர் கேஷை அழிச்சா பாஸ்வேர்டெல்லாம் போயிடுமா?

கேஷ் என்பது நீங்கள் திறந்த தளங்களின் படங்களையும் கோப்புகளையும் பிரவுசர் சேர்த்துவைக்கும் நகல். அதை மட்டும் அழித்தால் பாஸ்வேர்டு போகாது. அழிக்கும் பெட்டியில் ‘கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்’ தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். குக்கீகளையும் சேர்த்து அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். கேஷ் மீண்டும் வளரத்தான் போகிறது, அதனால் இது நிரந்தரத் தீர்வு இல்லை.

9. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் 60 ஜிபி ஆயிடுச்சு. ஒவ்வொண்ணா பார்க்க முடியாதே?

ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. ஃபோல்டரைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ தோற்றத்துக்கு மாற்றி, ‘சைஸ்’ என்ற தலைப்பைத் தட்டினால் பெரியவை மேலே வரும். நிறுவி முடித்த மென்பொருள்களின் இன்ஸ்டாலர், விரித்து எடுத்த பிறகும் கிடக்கும் ஜிப், பார்த்து முடித்த வீடியோ, அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் போட்டு இரண்டாம் முறை இறங்கிய நகல்கள் என்று இருபது முப்பது கோப்புகளிலேயே பாதி இடம் மீண்டுவிடும். கிலோபைட் கணக்கில் இருக்கும் பிடிஎஃப்களை அழித்து நேரத்தைச் செலவிடாதீர்கள். முக்கியமானவை அவற்றுக்கு நடுவில்தான் இருக்கும்.

10. வாட்ஸ்அப், டெலிகிராம் கணினியில இடம் எடுக்குமா?

எடுக்கும், அதுவும் நிறைய. நிறைய வீடியோ வரும் குழுக்களில் இருப்பவர்களுக்குச் சில மாதங்களிலேயே பல ஜிபி சேர்ந்துவிடும். டெலிகிராமின் செட்டிங்ஸில் கேஷ் அளவுக்கு உச்சவரம்பு வைக்க முடியும். நீக்கியவை டெலிகிராமின் சர்வரில் இருப்பதால், வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் அப்படியில்லை. நீண்ட காலத்துக்கு முன் வந்த கோப்பு சர்வரில் இருக்காது. ஃபோனிலும் இல்லையென்றால் கணினியில் இருப்பதுதான் கடைசி நகல். வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்திவைப்பது முதல் வேலை. பழையதை அழிப்பது பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது.

11. ஃபோட்டோ, வீடியோதான் அதிக இடம். ஆனா அழிக்க மனசு வரல.

அழிக்க வேண்டாம். மென்பொருளை மறுபடி இறக்கலாம், விண்டோஸை மறுபடி நிறுவலாம். போன வருடம் எடுத்த படத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்தப் பட்டியலில் கடைசியாகக் கை வைக்க வேண்டியது அதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

படங்களையும் வீடியோக்களையும் பிரித்துப் பாருங்கள். ஃபோனில் எடுத்த ஒரு படம் சில எம்பிதான். வீடியோ வேறு கணக்கு. ஐபோனில் 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி. 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி. ஒரு மணி நேர நிகழ்ச்சியை 4கேயில் எடுத்தால் 24 ஜிபி. ஆகவே முதலில் வீடியோ ஃபோல்டரை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். பாக்கெட்டுக்குள் தவறுதலாகப் பதிவானது, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்தது போன்றவை கண்ணில் படும். அவற்றை நீக்கினாலே ஆயிரக்கணக்கான படங்களை நீக்கியதற்குச் சமம்.

மீதியை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகர்த்தலாம். ‘கட்’ செய்யாமல் ‘காப்பி’ செய்யுங்கள். ஃபோல்டரின் மொத்த அளவும் கோப்பு எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, சில வீடியோக்களை அங்கே திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே இங்கே அழியுங்கள். நகர்த்தி முடித்ததும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நகல்தான் என்பதை மறக்காதீர்கள். அந்த டிஸ்க் கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும். இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ இரண்டாவது நகல் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

12. எல்லாப் படத்தையும் ஜிப் பண்ணி வச்சா பாதியாகுமா?

ஆகாது. ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டவை. ஜிப் செய்தால் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே அதிகம். ஜிப் உருவாகும் நேரத்தில் இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டியிருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். எழுத்துக் கோப்புகள், லாக் கோப்புகள் (மென்பொருள் தன் செயல்களை எழுதிவைப்பவை), சுருக்கப்படாத பிட்மேப் படங்கள் போன்றவைதான் ஜிப்பில் கணிசமாகக் குறையும்.

13. விண்டோஸ் ஃபோல்டரே 30 ஜிபிக்கு மேல காட்டுது. அதுல எதை நீக்கலாம்?

கையால் எதையும் நீக்கக் கூடாது. குறிப்பாக இரண்டு ஃபோல்டர்கள் எல்லோர் கண்ணையும் உறுத்தும். ஒன்று ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’. காட்டும் அளவு முழுவதும் உண்மையில்லை. அதிலுள்ள பல கோப்புகள் விண்டோஸின் வேறு ஃபோல்டர்களிலும் தெரியும். ஹார்டு லிங்க் முறையில் ஒரே கோப்புக்கு இரண்டு முகவரி இருப்பதால் அளக்கும் கருவி அதை இரண்டு தடவை எண்ணிவிடுகிறது. அங்கே தேவையில்லாமல் தேங்கியிருப்பதை, 7-ஆம் பதிலில் சொன்ன ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ பத்திரமாக எடுத்துவிடும்.

இரண்டாவது ‘இன்ஸ்டாலர்’. நிறுவிய மென்பொருள்களைப் பின்னால் பழுதுபார்க்கவும் நீக்கவும் அதிலுள்ள கோப்புகள் தேவை. அழித்த அன்று எதுவும் ஆகாது. சில மாதம் கழித்து ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவும் முடியாமல், நீக்கவும் முடியாமல் நிற்கும்போதுதான் விளைவு தெரியும்.

14. ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல்னு ரெண்டு பெரிய ஃபைல் இருக்கு. அது வைரஸா?

இரண்டும் விண்டோஸுடையவை. ‘ஹைபர்ஃபில்’ என்பது ஹைபர்னேட் செய்யும்போது (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் வைத்துவிட்டுக் கணினியை அணைக்கும்போது) ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருப்பதை எழுதிவைக்கும் கோப்பு. வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம் இருக்கும்; 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட்டே பயன்படுத்தாதவர்கள் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையுடன் ‘ஸ்லாஷ் ஹெச் ஆஃப்’ சேர்த்து (powercfg /h off) இயக்கினால் அந்தக் கோப்பே நீங்கிவிடும். அதோடு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியும் போகும். கணினி ஆன் ஆகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். லேப்டாப்பில் பேட்டரி தீரும் நேரத்தில் ஹைபர்னேட்தான் வேலையைக் காப்பாற்றும், அதனால் யோசித்துச் செய்யுங்கள்.

‘பேஜ்ஃபைல்’ ராம் போதாதபோது துணைக்கு வருவது. அதை அணைக்க வேண்டாம். பெரிய மென்பொருள்கள் திடீரென்று மூடிக்கொள்ளும் சிக்கல் அதிலிருந்து வரும்.

15. டி டிரைவ்ல 200 ஜிபி சும்மா கிடக்கு. அதை சி-யோட சேர்க்க முடியுமா?

சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் பகுதிகள் என்றால் முடியும். தனித்தனி டிஸ்க் என்றால் சேர்க்கும் யோசனையை விட்டுவிட்டு அடுத்த பதிலுக்குப் போங்கள். விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ சி-யை நீட்ட வேண்டுமானால், சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல ஒதுக்கப்படாத இடம் இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலியிடம் டி-யின் வலக்கோடியில்தான் உருவாகும், சி-யின் பக்கம் வராது. நடுவில் ஒரு ரிக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய டிஸ்க் பகுதி) உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இது.

பார்ட்டிஷனை நகர்த்தித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் நடுவில் மின்சாரம் போனால் இரண்டு பகுதியையும் இழக்க நேரலாம். முழு பேக்கப் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

16. அப்போ புரோகிராம் ஃபைல்ஸை கட் பண்ணி டி-ல போட்டுடலாமா?

கூடாது. மென்பொருள் எங்கே இருக்கிறது என்பது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பதிவாகியிருக்கும். ஃபோல்டரை மட்டும் நகர்த்தினால் எதுவும் திறக்காது. பெரிய மென்பொருள் என்றால் நீக்கிவிட்டு, மறுபடி நிறுவும்போது டி-யைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுகளுக்கு ஸ்டீம் போன்ற தளங்களில் இன்ஸ்டால் செய்ததை வேறு டிரைவுக்கு நகர்த்தும் வசதி உள்ளேயே இருக்கிறது.

உங்கள் கோப்புகளை நகர்த்துவது எளிது. ‘வீடியோஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’ போன்ற ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘லொகேஷன்’, ‘மூவ்’ என்று போய் டி-யில் அதே பெயரில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். டி-யின் வேரை நேரடியாகக் காட்டிவிடாதீர்கள், திருப்பி மாற்றுவது தலைவலி. இதை ஒருமுறை செய்துவிட்டால் இனி இறங்குவதெல்லாம் தானாகவே டி-க்குப் போகும். சி சிறியதாகவும் டி பெரியதாகவும் இருக்கும் கணினியில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

17. ஒன்டிரைவ்ல ஏத்திட்டேன். கணினியில இருக்கிறதை அழிச்சிடலாம்ல?

நிறுத்துங்கள். இந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்துத்தான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். ஒன்டிரைவ் ஃபோல்டர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி அமைக்கப்பட்டது. இங்கே அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டர்களும் இதே வழியில்தான் இயங்குகின்றன.

சரியான வழி: ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். பெயர் பட்டியலில் நிற்கும், பக்கத்தில் ஒரு மேகக் குறி தோன்றும், உள்ளடக்கம் கிளவுடில் மட்டும் இருக்கும். இரண்டு முறை தட்டித் திறந்தால் இணையம் வழியாக மறுபடி இறங்கும். அவசியமாக இணையம் இல்லாத இடத்தில் தேவைப்படும் கோப்புகளை இப்படி மாற்றாதீர்கள். ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால் உடனே ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

18. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல 100 ஜிபி காலி. ஆனா 6 ஜிபி வீடியோ ஒண்ணு போக மாட்டேங்குது.

அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதவும் படிக்கவும் முடியும்.

19. மேக்ல ‘சிஸ்டம் டேட்டா’ மட்டும் 120 ஜிபி. அது என்ன?

மேக்கால் வேறு எந்த வகையிலும் சேர்க்க முடியாததெல்லாம் அந்தப் பெயரில் குவியும். அடிக்கடி பிடிபடும் காரணங்கள் இரண்டு. ஒன்று ஐபோன், ஐபேட் பேக்கப்கள். ஃபோனைச் செருகி ஃபைண்டரில் ‘மேனேஜ் பேக்கப்ஸ்’ திறந்தால் பட்டியல் தெரியும். இப்போது கையில் இல்லாத பழைய ஃபோனின் பேக்கப்கூட அங்கே இருக்கலாம். அதிலுள்ள படங்கள் வேறெங்காவது இருக்கின்றன என்று உறுதியான பிறகே நீக்குங்கள். விண்டோஸில் ஐடியூன்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும்.

மற்றொன்று டைம் மெஷின் என்ற மேக்கின் பேக்கப் வசதி எடுக்கும் உள்ளூர் ஸ்னாப்ஷாட்கள், அதாவது டிஸ்க் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவுகள். நீங்கள் அழித்த பெரிய கோப்பை ஸ்னாப்ஷாட் இன்னும் பிடித்திருக்கும். 5-ஆம் கேள்வியின் ‘இடம் கூடவில்லை’ மேக்கில் நேர்வது பெரும்பாலும் இதனால்தான். வழக்கமாக 24 மணி நேரத்தில் தானே விலகும், இடம் நெருக்கினால் அதற்கு முன்பும் விலகும். பொறுக்க முடியாவிட்டால் டிஸ்க் யூட்டிலிட்டியில் ஸ்னாப்ஷாட்களைக் காட்டச் சொல்லி நீக்கலாம்.

20. லினக்ஸ்ல இடம் காலி இருக்குன்னு காட்டுது, ஆனா எழுத முடியல. அழிச்சாலும் இடம் வரல. என்ன காரணம்?

மூன்று காரணங்களைச் சோதியுங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறையில் 5 சதவீதம் ரூட் (நிர்வாகி) பயனருக்கென்று ஒதுக்கப்படும். ஒரு டெராபைட் பார்ட்டிஷனில் அது 50 ஜிபி. ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கலாம், லட்சக்கணக்கில் சிறு கோப்புகள் சேர்ந்தால் இடம் இருந்தும் புதிய கோப்பு உருவாகாது. மூன்றாவது, அழித்த கோப்பை ஏதாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) இன்னும் திறந்துவைத்திருக்கலாம். பெரிய லாக் கோப்பை அழிக்கும்போது இது நடக்கும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தவுடன் இடம் மீளும்.

சாதாரணமாக இடம் தேடுபவர்கள் பேக்கேஜ் கேஷ் (நிறுவுவதற்காக இறக்கிய கோப்புகள்), பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி), சிஸ்டம்டி ஜர்னல் (சிஸ்டத்தின் லாக்) ஆகியவற்றைப் பாருங்கள். அளந்து பார்க்க என்சிடியு, பாபாப் இரண்டும் நல்ல கருவிகள்.

21. கிளீனர் சாஃப்ட்வேர் போட்டா எல்லாத்தையும் அதுவே பார்த்துக்காதா?

தேவையில்லை என்பது என் கருத்து. அவை அழிப்பதில் பெரும்பகுதியை விண்டோஸின் சொந்த வசதிகளே செய்துவிடுகின்றன. ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்பதை இயக்கிவைத்தால் தற்காலிகக் கோப்புகளும் பழைய ரீசைக்கிள் பின் பொருள்களும் தானாக நீங்கும். அதில் டவுன்லோட்ஸுக்கான அமைப்பு மட்டும் ‘நெவர்’ என்று இருக்கட்டும்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் மீளும் இடம் ஒன்றுமே இல்லை, கெடுவதற்கு வாய்ப்பு உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இத்தகைய மென்பொருளுக்கு டிஸ்க் முழுவதிலும் அதிகாரம் கொடுக்கிறோம். 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பு, தயாரித்தவர்களுக்கே தெரியாமல் தீம்பொருள் புகுத்தப்பட்ட நிலையில் அதிகாரபூர்வ வழியிலேயே வெளியானது. ‘உங்கள் கணினியில் 2,000 பிழைகள்’ என்று திரையில் குதிக்கும் விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். டிஃப்ராக் பற்றியும் இதோடு கேட்பார்கள்: அது கோப்புகளை வரிசைப்படுத்தும், இடம் தராது. எஸ்எஸ்டிக்கு அது வேண்டியதும் இல்லை.

22. எல்லாம் சுத்தம் பண்ணினேன். ரெண்டு நாள்ல மறுபடி நிரம்பிடுச்சு!

அப்படியென்றால் ஏதோ ஒன்று எழுதிக்கொண்டே இருக்கிறது; அதைப் பிடிக்காமல் சுத்தம் செய்து பயனில்லை. 2-ஆம் பதிலில் சொன்ன கருவியால் இன்று ஒருமுறை அளந்து முதல் இருபது வரிகளைப் படம் பிடித்துவையுங்கள். நாளை மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். எந்த ஃபோல்டர் வளர்ந்திருக்கிறதோ அதன் பெயரே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பிழையைத் திரும்பத் திரும்ப எழுதி ஜிபி கணக்கில் வளரும் லாக் கோப்பு, பழையதை நீக்காமல் தினமும் அதே டிஸ்க்கில் புதிய நகல் எடுக்கும் பேக்கப் மென்பொருள், கேமராவிலிருந்து முழு நேரமும் பதியும் வீடியோ, கிளவுடில் இருப்பதையெல்லாம் கீழே இறக்கும் சிங்க், விண்டோஸ் தேடலின் இண்டெக்ஸ் கோப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். பெயரும் இடமும் இரண்டுமே புரியாத கோப்பு வளர்ந்தால், ஆன்டிவைரஸால் முழு ஸ்கேன் ஒன்று ஓட்டிவிடுங்கள்.

23. விர்ச்சுவல் மெஷின் உள்ள 40 ஜிபி அழிச்சேன். வெளியே டிஸ்க்ல ஒரு எம்பி கூட குறையல.

விர்ச்சுவல் டிஸ்க் ஒரு பெரிய கோப்பு. உள்ளே எழுத எழுத வளரும், உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. உள்ளே காலியான இடம் உள்ளே மறுபடி எழுதத்தான் பயன்படும். வெளியே மீட்க வேண்டுமானால், மெஷினை அணைத்துவிட்டு அந்த மென்பொருளின் ‘காம்பாக்ட்’ வசதியை இயக்க வேண்டும். விர்ச்சுவல் பாக்ஸில் அதற்கு முன் உள்ளேயிருக்கும் காலியிடத்தைச் சுழியங்களால் நிரப்ப வேண்டும். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்களின் விஹெச்டிஎக்ஸ் என்ற விர்ச்சுவல் டிஸ்க் கோப்பும், டாக்கரின் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) டிஸ்க் கோப்பும் இப்படித்தான் வளர்ந்து நிற்கின்றன.

அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பிலும் இதே நிலைதான். ஆயிரக்கணக்கில் கடிதங்களை அழித்தாலும் ‘காம்பாக்ட் நவ்’ கொடுத்தால்தான் உடனே சுருங்கும்.

24. அவசரத்துல முக்கியமான ஃபோல்டரை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். திரும்ப வருமா?

உடனே அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்துங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் வாய்ப்பு இருக்கிறது: அழிப்பது என்பது இடம் காலி என்று குறிப்பதுதான், மேலே வேறு எழுதும்வரை தரவு அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவினால், மீட்க வேண்டியதன் மேலேயே அது எழுதப்படலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மீட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் கட்டளை அழித்த இடங்களை டிஸ்க்கிடம் தெரிவித்துவிடும், அதுவும் அவற்றைத் துடைத்துவிடும். அப்படியிருந்தும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் தளங்களின் குப்பைத்தொட்டி, ஃபோன், மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்புகள், பழைய பென் டிரைவ், ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ என எல்லா இடத்திலும் தேடுங்கள். விலைமதிப்பில்லாத கோப்பு என்றால், நீங்களாக எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கணினியை அணைத்து, தரவு மீட்பு நிபுணரிடம் டிஸ்க்கைக் கொடுத்துவிடுங்கள்.